ஒரு பெயரும் இரு கிளைகளும்: படைப்புழு அந்தின் பாகுபாடும் பிறப்புரிமையியற் சான்றுகளும்

2018 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில், பெரும்போகச் சோளம் முழங்காலளவுக்கு வளர்ந்து நின்ற வேளையில், இலங்கையின் உலர்வலயச் செய்கையாளர் தமது பயிரின் குருத்துக்குள்ளே முன்னர் கண்டறியாத ஒரு புழுவைக் கண்டனர். இலைகள் சல்லடையாகியிருந்தன. குருத்தினுள்ளே மரத்தூள் போன்ற எச்சம் குவிந்து கிடந்தது. புழுவின் தலையிலே கவிழ்த்து வைத்த கவட்டை போன்றதொரு வெண்கோடும், வாற்புறத்துக்கு முந்திய கண்டத்திலே சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் காணப்பட்டன. 'சேனா' என்றும் 'படைப்புழு' என்றும் மக்களிடையே விரைவிற் பரவிய பெயர்களுக்குப் பின்னால் ஸ்பொடொப்டெரா புருஜிபெர்டா என்ற விஞ்ஞானப் பெயர் இருந்தது. அமெரிக்கக் கண்டங்களைத் தாயகமாகக் கொண்ட இவ்வந்துப்பூச்சி 2016 இல் மேற்காபிரிக்காவிலும், 2018 மே மாதத்திற் கர்நாடகத்திலும் முதன்முதலாக இனங்காணப்பட்டது. 2019 தொடக்கத்திற் சீனாவிலும், 2020 இல் அவுஸ்திரேலியாவிலும் அது பதிவாயிற்று.

அதிகாரிகள் இட்ட பெயரிற் பிழையில்லை. ஆயின் அப்பெயர் எதனைக் குறிக்கிறது? ஒரே இனத்தையா, இரண்டாகப் பிரிந்து கொண்டிருக்கும் ஒன்றையா, ஏற்கெனவே பிரிந்துவிட்ட இரண்டையா? நாற்பது ஆண்டுகளாகப் பூச்சியியலாளரையும் பிறப்புரிமையியலாளரையும் பிணக்குற வைத்துள்ள இவ்வினாவை இலக்கிய மாணவராகிய நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணமுண்டு. பாகுபாடு என்பது எத்துறையிலும் வெறும் பெயரிடும் வேலையன்று. வரலாறு பற்றிய ஒரு கருதுகோளே அது. அக்கருதுகோளை எச்சான்றின் மீது நிறுவுகிறோம் என்பது இங்கு நெற்செய்கையாளனின் வயலைத் தொடும் பிரச்சினையாகவும் இருக்கிறது.

பெயரின் பிறப்பே சுவையானது. 1797 இல் ஜேம்ஸ் எட்வேட் சிமித் என்பார் இதனை விவரித்தார். லினேயசின் சேகரிப்புகளை விலைகொடுத்து வாங்கி, இலண்டனில் லினேயன் சங்கத்தை நிறுவிய அதே சிமித்தான் இவர். அமெரிக்காவின் ஜோர்ஜியாவிலே புழுவைப் பிடித்து வளர்த்துப் படம் வரைந்தவரோ ஜோன் அபற். பூச்சி ஓரிடத்தில், உழைப்பு ஓரிடத்தில், பெயரிடும் உரிமை பிறிதோரிடத்தில் என்ற இவ்வேற்பாடு அக்கால இயற்கை வரலாற்றுக்குப் பொதுவானதேயாம். சிமித்தின் பாகுபாடு சிறகின் நிறம், கோடு, புள்ளி ஆகிய புறத்தோற்றங்களை ஆதாரமாகக் கொண்டது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அவ்வாதாரம் போதுமானதாகவே கருதப்பட்டது.

1980களிலே டொறதி பாஷ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதனை ஐயுறத் தொடங்கினார். அவர் கையாண்ட முறை பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் தகும். உடலிலுள்ள நொதியங்கள் புரதங்களாலானவை. பரம்பரையலகிலே நிகழும் சிறு விகாரம் ஒரு புரதத்தின் மின்னேற்றத்தை மாற்றக்கூடும். பசை போன்ற ஊடகமொன்றிலே மின்னோட்டத்தைச் செலுத்தினால், வெவ்வேறு மின்னேற்றமுடைய புரதங்கள் வெவ்வேறு தூரம் நகர்ந்து நிற்கும். சாயமூட்டிப் பார்த்தால், கண்ணுக்குப் புலனாகாத பரம்பரை வேறுபாடு பட்டைகளாகத் தெரியும். இம்முறையை இயற்கைக் குடித்தொகைகளின் மாறுபாட்டை அளக்கும் கருவியாக 1966 இல் ஆக்கியவர்களுள் முதன்மையானவர் றிச்சாட் லெவொன்ரின். ஜோன் ஹபியுடன் இணைந்து பழ ஈக்களில் அவர் இவ்வாய்வை நடத்தினார். இதே லெவொன்ரின்தான் பின்னர் றிச்சாட் லெவின்சுடன் சேர்ந்து இயங்கியல் நோக்கில் உயிரியலை ஆராயும் நூலொன்றை 1985 இல் வெளியிட்ட மார்க்சியர். பரம்பரையலகு பற்றிய ஆய்வென்றாலே அது முதலாளித்துவ விஞ்ஞானம் என முகஞ்சுளிக்கும் நண்பர் சிலர் நம்மிடையே இன்றும் உளர். அவர்களுக்காகவே இதனை இங்கு குறிக்கிறோம்.

பாஷ்லி கண்டது இதுதான். சோளத்தில் உண்ணும் புழுக்களிலும், நெல்லிலும் அறுகம்புல்லிலும் உண்ணும் புழுக்களிலும் சில நொதியங்களின் பரம்பரை வடிவங்கள் வெவ்வேறு விகிதங்களில் அமைந்திருந்தன. ஒரே பிரதேசத்தில், சில வேளைகளில் அடுத்தடுத்த வயல்களில், இவ்வேறுபாடு நிலவியது. கண்ணாற் பார்த்தால் இரண்டும் ஒன்றே. கவட்டைக்கோடும் ஒன்றே, நான்கு புள்ளிகளும் ஒன்றே. 1986 இல் வெளிவந்த அவரது கட்டுரை, இவை உடன்பிறப்பினங்களோ என்ற வினாவைத் தலைப்பிலேயே எழுப்பியது. விடையை அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. அன்று முதல் இவை 'சோளக்கிளை', 'நெற்கிளை' என வழங்கி வருகின்றன. சோளக்கிளை சோளத்தோடு இறுங்கையும் பருத்தியையும் நாடும். நெற்கிளை நெல்லையும் சிறு புல்லினங்களையும் நாடும்.

ஒரே வயலிலே பறக்கும் இரு கூட்டங்கள் ஏன் ஒன்றாகக் கலந்துவிடவில்லை? இப்பூச்சி ஓரிரவில் நூறு கிலோமீற்றர் பறக்க வல்லது. குளிர்காலத்தைத் தெற்கு ரெக்சாசிலும் புளோரிடாவிலும் கழித்து, கோடையிற் கனடா வரை செல்வது. மலையோ கடலோ இவ்விரு கிளைகளையும் பிரிக்கவில்லை. பிரிப்பது நேரமே. சோளக்கிளையின் பெண் அந்துகள் இரவின் முற்பகுதியில் மணப்பொருளை வெளியிட்டு ஆணை அழைக்கின்றன. நெற்கிளையினவோ ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் பிந்தி, விடியலை அண்மித்து அழைக்கின்றன. 2017 இல் வெளியான ஆய்வொன்று இந்நேர வேறுபாட்டை உடலின் நாட்கடிகாரத்தை இயக்கும் பரம்பரையலகுகளுள் ஒன்றோடு தொடர்புபடுத்தியது. மணப்பொருளின் கலவை விகிதத்திலும் சிறு வேறுபாடு உண்டு. ஒரே இரவு இரண்டு இரவுகளாகப் பங்கிடப்பட்டிருக்கிறது எனலாம்.

ஆயின் பங்கீடு முற்றுப்பெறவில்லை. ஆய்வுக்கூடத்தில் இரு கிளைகளையும் கலந்தபோது, ஓர் ஆய்வாளரின் கூண்டில் ஒரு திசைக் கலப்பு பலன் தரவில்லை. வேறோர் ஆய்வாளரின் கூண்டில் இரு திசைக் கலப்பும் பலன் தந்தது. வயலிற் பிடித்த அந்துகளில் 16 சதவீதம் வரை கலப்பினங்களாக இருக்கலாம் என 2004 இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. உணவுப்பயிர்த் தொடர்பும் கறாரானதன்று. ஆர்ஜென்டீனா, பிரேசில், பராகுவே ஆகிய நாடுகளிலே செய்த ஆய்வில், எதிர்பார்த்த கிளை எதிர்பார்த்த பயிரில் எப்போதும் அகப்படவில்லை. தம்முள் இனக்கலப்புச் செய்து ஏனையவற்றினின்று தனித்து நிற்கும் குடித்தொகையே இனம் என்ற ஏர்ண்ஸ்ற் மாயரின் 1942 ஆம் ஆண்டு வரைவிலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டால், இவை ஒரே இனம். நூற்றுக்குப் பதினாறு கலப்பென்றால் எஞ்சிய எண்பத்து நான்கு கலக்கவில்லையே என்று கேட்டால், அதே வரைவிலக்கணம் தடுமாறுகிறது.

இக்கட்டத்தில் இழைமணி அரங்கேறுகிறது. கலத்துக்குச் சக்தி வழங்கும் இவ்வுறுப்பு தனக்கெனச் சிறியதொரு டி.என்.ஏ. வளையத்தைக் கொண்டது, அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குச் செல்வது. 2003 இல் கனடாவின் கெல்ப் பல்கலைக்கழகத்துப் போல் ஹெபேர்ட்டும் அவரது குழுவினரும், இழைமணியின் ஒரு குறிப்பிட்ட பரம்பரையலகில் ஏறத்தாழ 650 எழுத்துகள் கொண்ட துண்டினை வாசித்தாற் போதும், விலங்கினங்களை இனங்கண்டுவிடலாம் என முன்மொழிந்தனர். கடைப்பொருளின் உறையிலுள்ள கோட்டுக்குறி போன்றது என்பதால் அப்பெயரே இம்முறைக்கும் வாய்த்தது. அடுத்த ஆண்டே அதற்கொரு பெருவெற்றி கிட்டிற்று. கொஸ்ரா றீக்காவின் வடமேற்கிலே, 1775 முதல் ஒரே பெயரால் வழங்கிவந்த வண்ணத்துப்பூச்சியொன்றிலே பத்து இனங்கள் மறைந்துள்ளன என அம்முறை காட்டியது. அம்முடிவு வெறும் எழுத்துத் துண்டின் மீது மட்டும் நின்றதன்று. ஆயிரக்கணக்கான புழுக்களைக் காட்டிலே சேகரித்து, எது எந்த இலையை உண்டது, எந்த நிறத்தில் இருந்தது எனப் பல்லாண்டு காலம் குறித்து வைத்த உழைப்பு அதற்கு அடித்தளமாக இருந்தது. அவ்வுழைப்பை மறந்து, கருவியை மட்டும் கொண்டாடுவோரே அதிகம்.

படைப்புழுவிலும் இழைமணித் துண்டு இரு வடிவங்களாகத் தெளிவாகப் பிரிந்தது. இரண்டுக்கும் இடையே நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு எழுத்து வேறுபாடு. அவ்வேறுபாடு சேர்வதற்கு இரண்டு மில்லியன் ஆண்டுகள் அளவில் ஆகியிருக்கும் என்பது ஒரு கணிப்பு. சோள வடிவம், நெல் வடிவம் எனப் பெயரிட்டு, புழுவைப் பிடித்து இவ்விடத்தை வாசித்தாற் கிளை தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை ஏற்பட்டது.

ஆபிரிக்கா அந்நம்பிக்கையைக் கலைத்தது. அங்கே சோளத்திற் பிடித்த புழுக்கள் பலவற்றில் இழைமணி நெல் வடிவமாக இருந்தது. இரு கிளைகளும் வந்து சேர்ந்துவிட்டன எனச் செய்தி பரவிற்று. நெல்லுக்கும் ஆபத்து என்ற அச்சம் இயல்பாகவே எழுந்தது. அமெரிக்க ஆய்வாளர் நகோஷியும் அவரது கூட்டாளிகளும் வேறோரிடத்தைப் பார்த்தனர். கலக்கருவிலுள்ள நிறமூர்த்தங்களில், பாலைத் தீர்மானிக்கும் 'இசட்' நிறமூர்த்தத்திலே, 'ரி.பி.ஐ.' எனச் சுருக்கமாக வழங்கும் நொதியமொன்றின் பரம்பரையலகு உள்ளது. அதிலும் சோள வடிவம், நெல் வடிவம் என இரண்டு உண்டு. ஆபிரிக்கப் புழுக்களில் அது ஏறத்தாழ முழுவதும் சோள வடிவமாகவே இருந்தது. 2019 இல் வெளியான ஆய்வு, இந்தியப் புழுக்களும் தென்னாபிரிக்கப் புழுக்களும் இவ்விடயத்தில் ஒத்திருப்பதைக் காட்டியது.

ஒரே உடலில் இரு சான்றுகள் முரண்படுவது எவ்வாறு? அந்துப்பூச்சிகளிற் பெண்ணுக்கு இசட் நிறமூர்த்தம் ஒன்றே; அது தந்தை கொடுப்பது. இழைமணி தாய் கொடுப்பது. நெற்கிளைப் பெண்ணொன்று சோளக்கிளை ஆணோடு கூடினால், பிறக்கும் மகளிடம் இழைமணி நெல்லாகவும் இசட் சோளமாகவும் அமையும். அம்மகள் மீண்டும் சோளக்கிளை ஆணையே கூடி, அவளது மகளும் அவ்வாறே செய்து, சில பத்துத் தலைமுறைகள் கழியுமானால், கருவிலுள்ள நெற்கிளைப் பகுதி தலைமுறைதோறும் பாதி பாதியாகத் தேய்ந்து மறைந்துவிடும். இழைமணி மட்டும் தாய்வழியிலே தேயாமல் நிற்கும். உடலாலும் நடத்தையாலும் சோளக்கிளையாகிவிட்ட ஒரு பூச்சி, எப்போதோ வாழ்ந்த ஒரு நெற்கிளைப் பாட்டியின் அடையாளத்தைச் சுமந்து திரிகிறது. ஏட்டுச்சுவடிகளோடு பழகியோருக்கு இது புதிதன்று. பழைய முகப்பேடு ஒன்றைப் பிறிதொரு பிரதியோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். முகப்பேட்டை மட்டும் வாசித்து நூலின் வழியை முடிவுசெய்யும் பதிப்பாளன் ஏமாறுவான். எல்லா ஏடுகளையும் ஒப்புநோக்கியே பாடத்தின் கால்வழியை வரைய இயலும்.

எல்லா ஏடுகளையும் வாசிக்கும் வசதியும் வந்தது. 2017 இல் இரு கிளைகளினதும் முழுப் பரம்பரைத் தொகுதி வெளியாயிற்று. ஏறத்தாழ 40 கோடி எழுத்துகள் கொண்ட அதிலே, சுவையறியும் ஏற்பிகளுக்கான பரம்பரையலகுகள் மட்டும் 200க்கு மேற்பட்டிருந்தன. கண்ட பயிரையெல்லாம் உண்ணும் பூச்சிக்கு அது பொருத்தமே. கிளைகளுக்கிடையிலான வேறுபாடு நிறமூர்த்தங்கள் எங்கும் சமமாகப் பரவியிருக்கவில்லை. இசட் நிறமூர்த்தத்திலே அது செறிந்து கிடப்பதாகப் பிரெஞ்சு ஆய்வாளர் காட்டினர். ஏனைய பகுதிகளிற் கலப்பு நடந்துகொண்டேயிருக்க, ஓரிடத்திற் பிரிவு உறுதிப்படுகிறது. பல நாட்டுப் பூச்சிகளின் முழுத் தொகுதிகளை ஒப்பிட்டு 2022 இல் வெளியான ஆய்வோ, மேற்காபிரிக்காவில் ஒருமுறை இறங்கி அங்கிருந்து கிழக்கு நோக்கிப் படையெடுத்த பூச்சி என்ற எளிய கதையையே மறுத்து, பல தடவைகள் பல வழிகளில் அது கடல்கடந்தது என வாதிட்டது. பயிர்ப்பொருள் வாணிகத்தின் பாதைகளை நோக்குவோர்க்கு இவ்வாதம் வியப்பளிக்காது.

ஆகவே, இனம் ஒன்றா இரண்டா? இன்றும் பெயர் ஒன்றே. பெரும்பாலோர் 'கிளை' என்றே எழுதுகின்றனர். உருவாகிக்கொண்டிருக்கும் இனங்கள் என்று கூறுவோரும் உளர். எமது கருத்தில், இத்தடுமாற்றம் ஆய்வாளரின் குறைபாடன்று. பொருளின் இயல்பே இத்தகையது. இனத்துக்கும் இனவகைக்குமிடையே இயற்கை கோடு கிழித்து வைக்கவில்லை என்பதை டார்வின் 1859 இலேயே வற்புறுத்தினார். கறாரான எல்லைக்கோடுகள் கூர்ப்புக் கொள்கையோடு பொருந்தா என்று ஏங்கெல்ஸ் எழுதி வைத்த குறிப்புகள், அவர் மறைந்து முப்பது ஆண்டுகளின் பின், 1925 இலேதான் அச்சேறின. ஆனால் எல்லை மங்கலானது என்பதால் வேறுபாடே இல்லையென்று கொள்வது மறுபுறத் தவறாகும். மூன்று மணித்தியால நேர வேறுபாடு உண்மையானது. இசட் நிறமூர்த்தத்துப் பிரிவு உண்மையானது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் அந்தக் கணத்தை முன்கூட்டியே ஆணையிட்டு வரவழைக்க இயலாது என்பதுதான் பொருள்.

ஆணையிட முயன்ற வரலாறும் ஒன்றுண்டு. அதனை நாம் மறைத்தல் கூடாது. 1948 ஆகஸ்டில் மொஸ்கோவிலே நடந்த வேளாண் விஞ்ஞானக் கழகக் கூட்டத்தில் லைசென்கோவின் கருத்துகள் அரச கொள்கையாயின. பரம்பரையலகு ஒரு கருத்துமுதல்வாதக் கற்பனை என ஒதுக்கப்பட்டது. கோதுமையிலிருந்து றை என்ற வேறு தானியம் பாய்ச்சலாகப் பிறக்கிறது என்றுகூட அவர் வாதிட்டார். பயிர்களின் பிறப்பிடங்களை உலகெங்கும் தேடித் திரிந்து விதைகளைத் தொகுத்த வவிலொவ், அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே சாரத்தொவ் சிறையில் மாண்டுபோயிருந்தார். இயங்கியலின் பெயரால் இயற்கையைக் கேட்க மறுத்த அக்காலத்தின் நிழல், உலகின் பல பாகங்களிலும் முற்போக்காளர் மீது நெடுங்காலம் படிந்திருந்தது. லெவொன்ரின், லெவின்ஸ் போன்றோரின் பணி அந்நிழலை அகற்றும் பணியுமாகும் என்பது எமது துணிபு.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூறத் தோன்றுகிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள், லினேயசின் பாகுபாட்டுப் படிகளிலே கீழுள்ளதை 'இனம்' என்றும் அதற்கு மேலுள்ளதைச் 'சாதி' என்றும் வழங்கி வந்துள்ளன. பூச்சிக்கு இச்சொற்களை இட்டபோது கலைச்சொல் ஆக்கியோர் தீங்கு எதுவும் நினைத்திருக்கமாட்டார்கள். ஆயினும் இவ்விரு சொற்களும் இந்நாட்டிலே எவற்றைக் குறித்து எத்துணைக் குருதியைச் சிந்த வைத்தன என்பதை அறிந்தவர்கள், பூச்சியின் இனத்தைப் பற்றிப் படித்ததை மனிதரின் இனத்துக்கு ஏற்றிப் பேசும் சபலத்துக்கு இடங்கொடுத்தலாகாது. அதே மின்புலப் பிரிப்பு முறையாலும் குருதி வகைகளாலும் திரண்ட தரவுகளைக் கொண்டு லெவொன்ரின் 1972 இல் மனிதரை ஆராய்ந்தார். மனிதருள் நிலவும் பரம்பரை மாறுபாட்டில் ஏறத்தாழ 85 சதவீதம் எந்த ஒரு குடித்தொகைக்குள்ளும் அடங்கிவிடுகிறது. 'மானிட இனங்கள்' எனப்படுவனவற்றுக்கிடையே எஞ்சுவது சொற்பமே எனக் கண்டார். படைப்புழுக் கிளைகளுக்கிடையே இருக்கும் கலப்புத் தடைக்கு ஒப்பான எதுவும் மனிதருக்கிடையே இல்லை. மனிதருக்கிடையிலான தடைகள் சட்டத்தாலும் காணியாலும் கோயிற் கதவாலும் ஆனவை.

வயலுக்கு மீள்வோம். 2017 இல் பன்னாட்டு அமைப்பொன்று, தடுப்பு நடவடிக்கை எதுவுமில்லாவிடிற் பன்னிரண்டு ஆபிரிக்க நாடுகளில் மட்டும் ஆண்டுக்கு 83 இலட்சம் முதல் 2 கோடியே 6 இலட்சம் தொன் வரை சோளம் அழியக்கூடும் என மதிப்பிட்டது. அம்மதிப்பீடு பெரிதும் செய்கையாளரின் வாய்மொழிக் கணிப்புகளைச் சார்ந்தது. சிம்பாப்வேயின் கிழக்கே வயல்களில் நேராக அளந்து 2019 இல் வெளியான ஆய்வு, இழப்பு ஏறத்தாழ 12 சதவீதமே எனக் கண்டது. சிறு செய்கையாளனுக்கு 12 சதவீதம் அற்பமன்று. ஆயின் முதற்கூறிய எண்ணே மேடைகளில் அதிகம் ஒலித்தது. பூச்சிகொல்லி விற்போருக்கு உவப்பான எண்ணும் அதுவேயாம். நச்சு விதையை நாடுவோருக்குப் போட்டோ றிக்கோவின் அனுபவம் ஒன்றுண்டு. பக்டீரியத்தின் நச்சுப் புரதத்தைத் தானே சுரக்கும்படி ஆக்கப்பட்ட சோளம் 2003 இல் அங்கு அறிமுகமாயிற்று. மூன்றாண்டுகளுள் அதனை உண்டும் சாகாத படைப்புழுக்கள் தோன்றிவிட்டன. பிரேசிலிலும் சில ஆண்டுகளிலேயே அவ்வாறு நேர்ந்தது. எனவே எந்தக் கிளை, எங்கிருந்து, எந்த எதிர்ப்புப் பரம்பரையலகைச் சுமந்து வந்தது என அறிவது பட்டியலை நிரப்பும் வேலையன்று.

நெல்லைப் பொறுத்தவரை நிலைமை நுட்பமானது. ஆசியாவில் ஆங்காங்கே நெற்பயிரிலும் இப்புழு காணப்பட்டதாகச் செய்திகள் வந்துள்ளன. ஆயினும் பெருஞ்சேதம் சோளத்திலேயே நிகழ்ந்துள்ளது. ரி.பி.ஐ. சான்றை ஏற்றுக்கொண்டால் இதற்கு விளக்கம் கிடைக்கிறது: ஆபிரிக்காவினூடாகப் பரவிய கூட்டத்தில் உண்மையான நெற்கிளை இல்லை, அல்லது மிக அரிது. இழைமணிச் சான்றை மட்டும் நம்புவோரோ, நெற்கிளை ஏற்கெனவே வந்துவிட்டது, இனித் தடுப்பதற்கு எதுவுமில்லை என முடிவுகட்டிவிடலாம்.

தாவரத் தடுப்புக்காப்பின் சட்டங்கள் இனப்பெயரைக் கொண்டே இயங்குவன. நாட்டினுள்ளே இல்லாத பீடையை எல்லையில் மறிக்கலாம். ஏற்கெனவே பரவிவிட்ட பீடையின் பெயரில் வரும் சரக்கை மறிப்பதற்குக் காரணம் காட்டுதல் கடினம். படைப்புழுவுக்குச் சட்டப்பட்டியலில் உள்ள பெயர் ஒன்றே. 2018 இன் பின் அது இலங்கையில் 'உள்ள' பூச்சி. அமெரிக்கக் கண்டமொன்றின் நெல்வயலருகே ஏற்றிய சரக்கிலே நாளை ஒரு புழு வந்து சேருமானால், அதைக் கையில் எடுத்து உருப்பெருக்கியால் நோக்கும் உத்தியோகத்தர் காணப்போவது கவிழ்ந்த கவட்டைக்கோட்டையும் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளையுந்தான்.